ஆழியாற்றுக்கும் பொன்னானிக்கும் ஒரே ஃப்ளை ரீல் போதுமா? எட்டு மாதம் பயன்படுத்திய பிறகு எழுதுகிறேன்

ஆழியாற்றங்கரை | பொள்ளாச்சி | ஞாயிறு இரவு 9.10

சென்ற ஐப்பசியில் ஒரு ஃப்ளை ரீல் வாங்கினேன், அதாவது ஃப்ளை தூண்டிலின் நரம்பைச் சுற்றி வைக்கும் கருவி. நன்னீர், கடல்நீர் இரண்டுக்கும் ஏற்றது என்று பெட்டியில் அச்சிட்டிருந்தார்கள். இப்போது பருவமழை தொடங்கிக் கடல் கொந்தளிக்கிறது, கரையில் நிற்க முடியாது. கையில் நேரம் இருக்கும்போதே பார்த்ததை எழுதிவிடுகிறேன். வாங்குவதற்கு முன் தமிழில் தேடினேன், ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை.

இரண்டு நீருக்கும் ஒரே ரீல் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்ததற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் ஆழியாறு கேரளத்துக்குள் போய்ச் சித்தூர்ப் புழையில் சேர்கிறது. அது பறளியில் பாரதப்புழையாகிப் பொன்னானியில் கடலில் விழுகிறது. வீட்டுக்குப் பின்னால் ஓடும் தண்ணீரின் கடைசி முனையில் நின்று தூண்டில் போட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. காலையில் ஜீப்பில் கிளம்பினால் மதியத்துக்குள் முகத்துவாரத்தில் நிற்கலாம்.

புதியவர்களுக்கு ஒரு சொல். ஸ்பின்னிங் தூண்டிலில் எடை இரையில் இருக்கும், நரம்பு அதன் பின்னால் ஓடும். ஃப்ளை தூண்டிலில் எடை நரம்பில் இருக்கிறது. இறகும் நூலும் சுற்றிய முள் காற்றில் பறக்கும் அளவுக்கு இலேசானது, அதைச் சுமந்து செல்வது நரம்புதான். நரம்புகளுக்கு எடைப்படி எண் வைத்திருக்கிறார்கள். 8 எண் நரம்பின் முதல் 30 அடி 210 கிரெய்ன், அதாவது ஏறத்தாழ பதின்மூன்றரை கிராம். ரீல், ராடு, நரம்பு மூன்றும் இந்த எண்ணுக்கு ஒத்துவர வேண்டும்.

என் ரீல் 8 எண்ணுக்கானது. எடை 210 கிராம். 6061 ரக அலுமினியக் கட்டையிலிருந்து கடைந்தது, வார்ப்பு அல்ல. மீன் இழுக்கும்போது நரம்பைப் பிடித்து விடும் பிரேக்கான டிஸ்க் டிராக், ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையம் வைத்து மூடப்பட்டிருக்கிறது. நரம்பு சுற்றும் உருளையான ஸ்பூலின் நடுத்தண்டு பருமனானது.

நன்னீரில் இதன் வேலை மிகக் குறைவு. அணையில் மீன்பிடி உரிமை வைத்திருப்பவர்களிடம் கேட்டு அனுமதி வாங்கித்தான் போனேன். ஜிலேபிக்கும் சிறு கெண்டைக்கும் ரீலே தேவையில்லை, நரம்பைக் கையாலேயே இழுத்துக் கரை சேர்க்கலாம். நண்பர் தோட்டத்துக் குட்டையில் மாட்டிய இரண்டரைக் கிலோ ரோகு ஒன்றுதான் டிராக்கைச் சுழல வைத்தது.

கடலில் கதை வேறு. தை மாதம் பொன்னானிக் கழிமுகத்தில் ஒரு பாறை மீன் கடித்தது, மூன்று கிலோ இருக்கும். 27 மீட்டர் நரம்பு கண்மூடித் திறப்பதற்குள் போய்விட்டது. அதன் பின், நரம்புக்கு அடியில் சுற்றியிருக்கும் மெல்லிய நூலான பேக்கிங்கில் முப்பது மீட்டருக்கு மேல் போயிற்று. டிராக் ஒரு முறைகூடத் திணறவில்லை, ஒரே சீராக ஓடியது. அன்று ரீலை மனதாரப் பாராட்டினேன்.

குறை எங்கே என்றால், ரீலை ராடில் பொருத்தும் பாதத்தைப் பிடிக்கும் இரண்டு திருகுகளைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருக்கிறது. சுற்றும்போது ஒரு சுற்றுக்கு ஒரு முறை மெல்லிய உரசல் ஒலியும் கேட்கிறது. ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு வந்தவுடன் தண்ணீர் விட்டுக் கழுவித்தான் வைத்தேன். எங்கே தவறினேன்?

---

கணபதிப் பட்டறை | கோவை | ஞாயிறு இரவு 10.25

அண்ணா, நான் லேத்துப் பட்டறை வைத்திருக்கிறேன், பம்பு உதிரிபாகம் கடைவது என் தொழில். தூண்டில் ஞாயிற்றுக்கிழமை ஆசை. உங்கள் கேள்வி இரண்டிலும் விழுகிறது.

வெள்ளைப் பொடி அலுமினியம் அரித்த பொடி. அலுமினியமும் ஸ்டெயின்லெஸ் திருகும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு உப்பு நீரில் நனைந்தால் அது சிறிய பேட்டரி போல வேலை செய்யும். அதில் தன்னைக் கொடுப்பது அலுமினியம்தான், திருகு பளபளவென்று அப்படியே இருக்கும். மேலே இருக்கும் அனோடைசிங் பூச்சு காக்கும். சாதாரணப் பூச்சு 10 முதல் 25 மைக்ரான், கடினப் பூச்சு 50 மைக்ரான் அளவுக்கு வரும். ஆனால் திருகு மாட்டிய இடத்தில் புரி வெட்டும்போது பூச்சு போய்விடும், பின்னால் யாரும் அதைக் கவனிப்பதில்லை. பம்பு வேலையிலும் இதே தொல்லைதான். திருகைக் கழற்றி, புரியில் கிரீஸ் தடவி, தலைக்கடியில் நைலான் வாஷர் வைத்து இறுக்குங்கள். பாதித் தொல்லை தீரும்.

உரசல் ஒலிக்கு ரீலை நேரில் பார்க்க வேண்டும். ஸ்பூல் எந்த அளவு ஆடுகிறது என்று, நுண்ணிய அசைவை அளக்கும் டயல் கேஜ் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ரீலின் வெளிச்சட்டத்துக்கும் ஸ்பூலுக்கும் இடைவெளி எவ்வளவு? ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிறதா? நுழைந்தால் மெல்லிய நரம்பும் நுழைந்து சிக்கும்.

இன்னொன்று. எந்தத் தண்ணீரில் கழுவினீர்கள்?

---

கொடிவேரி | கோபிசெட்டிபாளையம் | திங்கள் காலை 6.40

தம்பி, பொறுமையாக எழுதியிருக்கிறீர்கள், படிக்க மகிழ்ச்சியாக இருந்தது. ஆனாலும் ஒரே ரீல் என்ற எண்ணத்தை நான் ஏற்கவில்லை.

நான் ஃப்ளை பிடித்தது நீலகிரியில், என் தாய்மாமாவோடு. அவலாஞ்சியில் 1907-இல் டிரவுட் குஞ்சு பொரிப்பகம் தொடங்கிய காலத்திலிருந்தே அங்கே இந்தப் பழக்கம் உண்டு. மாமா வைத்திருந்தது பல்சக்கரமும் நாக்கும் மட்டுமே உள்ள கிளிக் ரீல். நாற்பது ஆண்டுகளாக நான் அதைத்தான் பயன்படுத்துகிறேன். டிராக் என்பது என் உள்ளங்கை. ஸ்பூலின் ஓரத்தில் கையை வைத்தால் மீன் எவ்வளவு பதறுகிறது என்று தோலில் தெரியும். மூடிய டிராக்கில் அந்தச் செய்தி கைக்கு வருவதே இல்லை.

பவானியில் ஒரு கெண்டைக்கு 210 கிராம் ரீலைத் தூக்கிக்கொண்டு நாள் முழுவதும் வீசினால் மணிக்கட்டு வலிக்கும். ஆற்றுக்கு 5 எண் ராடும் சிறிய ரீலும். கடலுக்கு 8 எண்ணும் கனத்த ரீலும். இரண்டையும் ஒன்றாக்குவது இரண்டிலும் பாதி மகிழ்ச்சியை விட்டுக்கொடுப்பதாகும்.

---

ஆழியாற்றங்கரை | பொள்ளாச்சி | திங்கள் இரவு 8.15

ஐயா, ஆற்றைப் பற்றி நீங்கள் சொல்வதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். எடையைக் குறைத்து எழுதிவிட்டேன் என்று இப்போது தோன்றுகிறது. 6 எண் ராடில் இந்த ரீலை மாட்டினால் கைப்பிடிக்குக் கீழே தொங்குகிறது.

ஆனால் கடலில் உள்ளங்கை போதாது என்பது என் அனுபவம். பழைய ரீல் ஒன்றோடு ஒப்பிட்டுச் சுருள்வில் தராசு மாட்டி அளந்தேன். இரண்டிலும் ஓடும்போது ஒன்றரைக் கிலோ காட்டும்படி டிராக்கை வைத்தேன். நிற்கும் ஸ்பூலை முதலில் அசைக்கப் பழைய கார்க் டிராக்குக்கு 1.9 கிலோ தேவைப்பட்டது, புதியதற்கு 1.6. மீன் பாயும் முதல் நொடியில்தான் முள்ளைக் கட்டியிருக்கும் மெல்லிய நுனி நரம்பு அறும். அந்த 300 கிராம் வித்தியாசத்துக்குத்தான் பணம் கொடுக்கிறோம்.

நடுத்தண்டின் பருமனைப் பற்றியும் சொல்ல வேண்டும். டிராக்கின் பிடி மாறாமல் இருந்தாலும், நரம்பு வெளியே போகப் போகச் சுற்றின் ஆரம் குறையும், இழுவை கூடும். என் ரீலில் நிறைந்த நிலையில் ஆரம் 4.5 செ.மீ., கடைசியில் 3 செ.மீ. ஒன்றரைக் கிலோ இரண்டேகால் கிலோவாகும். பழைய ரீலில் 4 செ.மீ. ஆரம் 1.6 வரை இறங்கும், அதே ஒன்றரைக் கிலோ 3.75 கிலோவாகிவிடும். மீன் மிகத் தொலைவில் இருக்கும்போது, தண்ணீரின் இழுப்பும் நரம்பின் மேல் சேரும்போது, நாம் கேட்காமலே டிராக் இறுகுகிறது. என் முந்தைய மீன்கள் ஏன் தொலைவில் போய் அறுத்துக்கொண்டன என்று அந்தக் கணக்கைப் போட்ட இரவில்தான் புரிந்தது.

திருப்பிச் சுற்றுவதிலும் அப்படியே. ஒரு சுற்றுக்கு 25 செ.மீ. வந்தால் 60 மீட்டருக்கு 240 சுற்று. 15 செ.மீ. வந்தால் 400 சுற்று. மீன் நம்மை நோக்கித் திரும்பி ஓடும்போது இது பெரிய வித்தியாசம்.

பட்டறைத் தம்பிக்கு: கார்டு நுழையவில்லை. கழுவியது தோட்டத்துப் போர்வெல் தண்ணீரில். சனிக்கிழமை கோவை வருகிறேன், ரீலைக் கொண்டுவரட்டுமா?

---

கணபதிப் பட்டறை | கோவை | திங்கள் இரவு 8.50

கொண்டு வாருங்கள் அண்ணா. மதியம் இரண்டு மணிக்கு மேல் லேத்து சும்மாதான் இருக்கும். வரும்போது கழுவாமல் கொண்டு வாருங்கள்.

---

அமராவதி வடகரை | கரூர் | செவ்வாய் மாலை 5.30

கல்லூரியில் படிக்கிறேன். இதுவரை தக்கைத் தூண்டில் மட்டுமே போட்டிருக்கிறேன். முதல் ஃப்ளை ரீலுக்கு எந்த எண் வாங்கலாம் அண்ணா? மோயாற்றில் மஹசீர் பிடிக்க வேண்டும் என்பது கனவு, அதற்கு 8 எண் போதுமா?

---

கொடிவேரி | கோபிசெட்டிபாளையம் | செவ்வாய் இரவு 7.05

தம்பி, அந்தக் கனவை இப்போதே கைவிட்டுவிடுங்கள். மோயாறு ஓடுவது புலிகள் காப்பகத்துக்குள். அங்கே தூண்டில் போடுவது குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், அங்கே மிஞ்சியிருக்கும் திமில் கொண்ட மஹசீர் காவிரிப் படுகையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. 2018-இல் அதை அழிவின் விளிம்பில் இருக்கும் இனமாக அறிவித்தார்கள். என் சிறு வயதில் பவானியில் அதன் முதுகு தண்ணீருக்கு மேல் தெரிவதைப் பார்த்திருக்கிறேன். இப்போது என் பேரனுக்குப் படத்தில்தான் காட்டுகிறேன்.

உங்களுக்கு 6 எண் ராடும், விலை குறைந்த, டிஸ்க் டிராக் உள்ள எந்த ரீலும் போதும். ஜிலேபியிலிருந்து தொடங்குங்கள். முதல் ஓராண்டு பணத்தை நரம்பில் செலவிடுங்கள், ரீலில் வேண்டாம். அமராவதி அணைப் பக்கம் போனால் தண்ணீரில் இறங்கவே கூடாது, அங்கே முதலைகள் இருக்கின்றன.

---

கணவாய்க் காற்று | பாலக்காடு | புதன் இரவு 9.45

நான் ஈரோட்டுக்காரன், வேலை நிமித்தம் பாலக்காட்டில் இருக்கிறேன். பொன்னானிக்கு மாதம் இரண்டு முறையாவது போவேன்.

அங்கே கழிமுகத்தில் பாறை மீனோடு கொடுவா மீனும் உண்டு, அந்த ஊர்க்காரர்கள் காளாஞ்சி என்பார்கள். கொடுவா நீளமாக ஓடாது, கல்லுக்குள் புகும். அதற்கு டிராக்கை இறுக்கிப் பிடிக்கும் வலு வேண்டும். பாறை மீனுக்குச் சீரான ஓட்டம் வேண்டும். இந்த இரண்டும் டிராக்கைத் திருகும் ஒரே குமிழில் எவ்வளவு திருப்பத்தில் மாறுகிறது என்று பாருங்கள். சில ரீல்களில் முழு எல்லையும் முக்கால் திருப்பத்தில் முடிந்துவிடும், ஈரக் கையால் தொட்டாலே எங்கோ போய்விடும். எனக்கு அதில் ஒரு நல்ல மீன் போயிற்று. நுனி நரம்பின் தாங்கு வலுவில் நான்கில் ஒரு பங்குக்கு டிராக்கைக் கரையிலேயே தராசு வைத்து நிறுத்திக்கொள்வது என் பழக்கம்.

இன்னொரு எச்சரிக்கை. முதல் ரீலை வண்டி கழுவும் பிரஷர் பம்பில் கழுவினேன். சுத்தமாகிவிட்டது என்று நம்பினேன். அந்த வேகம் உப்பை ஓ-ரிங்கைத் தாண்டி உள்ளே தள்ளிவிட்டது. மூன்றாம் மாதம், ஒரு பக்கம் மட்டுமே தடையின்றிச் சுற்றவிடும் உள்ளேயிருக்கும் ஒருவழி பேரிங் துருப்பிடித்து இரண்டு பக்கமும் சுற்ற ஆரம்பித்தது. விற்ற நிறுவனத்துக்கு எழுதினேன். வெளிநாட்டுக்கு அனுப்பு, போக்குவரத்துச் செலவு உன்னுடையது என்றார்கள். அது புதிய ரீலின் விலையில் பாதி.

---

கணபதிப் பட்டறை | கோவை | சனி இரவு 10.05

அண்ணா வந்துபோனார். பார்த்ததைச் சொல்கிறேன்.

ஸ்பூல் ஆட்டம் 0.04 மி.மீ., குறை சொல்ல ஒன்றுமில்லை. கடைந்தவர் கை நல்ல கை. சட்டமும் நேராக இருக்கிறது. டிராக் பெட்டியைத் திறக்கவில்லை. மூடி வைத்ததைத் தேவையில்லாமல் திறக்கக் கூடாது, ஓ-ரிங் உட்கார்ந்த இடம் மாறிவிடும்.

உரசல் ஒலி எங்கிருந்து வந்தது தெரியுமா? பேக்கிங் முழுவதையும் கழற்றிப் பார்த்தோம், 180 மீட்டர். மேல் சுற்றுகள் காய்ந்திருந்தன. அடியில் போகப் போக விரலில் பிசுபிசுப்பு. கடைசி அடுக்கைப் பிரித்தபோது நடுத்தண்டின் மேல் சுண்ணாம்பு தடவியது போல வெள்ளை. விரல் நகத்தால் சுரண்டினால் அடியில் கடுகளவு குழிகள், பதினொன்று எண்ணினேன். ஓரிடத்தில் அந்தப் பொடி கெட்டியாகித் தண்டின் ஓரத்தைத் தாண்டி வளர்ந்திருந்தது. அதுதான் சுற்றுக்கு ஒரு முறை சட்டத்தில் உரசியிருக்கிறது.

எல்லோரும் டிராக்கின் மூடியைப் பற்றியே பேசுகிறோம். இந்தத் தொல்லை செய்த உப்பு இருந்தது அங்கே இல்லை. நரம்போடு ஊறி ஸ்பூலின் அடிமடியில் போய் உட்கார்ந்துவிட்டது. ரீல் செய்தவரின் குறை இதில் இருப்பதாக நான் நினைக்கவில்லை.

குழிகளைத் தேய்த்து வழுவழுப்பாக்கி, மெல்லிய எப்பாக்ஸி பூசிக் கொடுத்திருக்கிறேன். திருகுகளுக்குக் கிரீஸும் வாஷரும். ஒருவழி பேரிங்கின் அளவு எழுத்தையும் குறித்துக்கொண்டேன். காந்திபுரத்தில் பேரிங் கடையில் கிடைக்கும் வழக்கமான அளவுதான். பாலக்காட்டு அண்ணனின் கதையைக் கேட்ட பிறகு, ரீல் வாங்கும்போது நான் முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான்: உள்ளேயிருக்கும் பேரிங்கும் ஓ-ரிங்கும் நம் ஊர்க் கடையில் கிடைக்கும் அளவா? கிடைத்தால் அந்த ரீல் இருபது ஆண்டு ஓடும்.

---

சாயப்பட்டறைச் சோதனைக்கூடம் | திருப்பூர் | ஞாயிறு காலை 7.20

அண்ணா, எனக்குத் தூண்டில் தெரியாது, என் கணவர் இந்த உரையாடலைக் காட்டினார். ஆனால் நூலில் ஊறிய உப்பை எடுப்பது எங்கள் அன்றாட வேலை. சாயம் நூலில் ஏற உப்புப் போடுகிறோம், பிறகு அந்த உப்பை வெளியே கொண்டுவரப் படாத பாடு படுகிறோம். அந்த உப்பு நொய்யலுக்கு என்ன செய்தது என்பதும், 2011-இல் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னதும் உங்களுக்குத் தெரியும். அதனால் உப்பை நாங்கள் எளிதாக எடுத்துக்கொள்வதில்லை.

நூல் உருண்டையின் மேல் தண்ணீர் ஊற்றினால் மேல் சுற்று மட்டும்தான் கழுவப்படும். உள்ளே இருப்பது அசையாது. ஊற வைக்க வேண்டும். அதுவும் ஒரே தொட்டியில் மணிக்கணக்காக வைத்தால், வெளியே வந்த உப்பும் உள்ளே இருக்கும் உப்பும் சமமானவுடன் நின்றுவிடும். தண்ணீரை மாற்றி மாற்றி மூன்று முறை, ஒவ்வொன்றும் அரை மணி நேரம். நாங்கள் குளியல் என்போம். பேக்கிங்கைத் தளர்வான கண்டாகச் சுற்றி ஊற விடுங்கள், ஸ்பூலோடு சேர்த்து வேண்டாம்.

போர்வெல் தண்ணீர் வேண்டவே வேண்டாம். அதை நாமே உப்புத் தண்ணீர் என்றுதான் சொல்கிறோம். உங்கள் தோட்டத்துத் தண்ணீரை அளந்து பாருங்கள். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது, கிணற்றில் ஒன்றிரண்டு கிராம்தான் என்று விட்டுவிடாதீர்கள். கழுவிய பின் ஒவ்வொரு துளியும் காயும்போது தன்னிடம் இருப்பதை விட்டுவிட்டுத்தான் போகும். குடிக்கும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

---

ஆழியாற்றங்கரை | பொள்ளாச்சி | ஞாயிறு இரவு 9.30

சகோதரி, நீங்கள் சொன்னபடியே செய்தேன். தண்ணீரில் கரைந்த உப்பை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று காட்டும் டி.டி.எஸ். மீட்டரை, தண்ணீர் சுத்திகரிக்கும் கடையிலிருந்து இரவல் வாங்கினேன்.

தோட்டத்துப் போர்வெல் 1,780 காட்டியது. எட்டு மாதமாக இதில்தான் கழுவியிருக்கிறேன்! கோவையிலிருந்து தம்பி கொடுத்தனுப்பிய சிறுவாணித் தண்ணீர் 45.

சிறுவாணித் தண்ணீரை ஒரு லிட்டர் அளந்து எவர்சில்வர் பாத்திரத்தில் ஊற்றி, பேக்கிங்கைக் கண்டாகச் சுற்றிப் போட்டேன். ஐந்து நிமிடத்தில் 160. அரை மணி நேரத்தில் 410. தண்ணீரை மாற்றினேன், இரண்டாவது குளியல் 130-இல் நின்றது. மூன்றாவதில் 62. கடைசியாகக் கடலுக்குப் போய் ஏழு வாரமாகிறது. அத்தனை நாளும் அந்த உப்பு என் அலமாரிக்குள் உட்கார்ந்து ரீலைத் தின்றுகொண்டிருந்திருக்கிறது. மீட்டரில் எண் ஏறுவதைப் பார்க்கப் பார்க்க வயிற்றைப் பிசைந்தது.

முதலில் கேட்ட கேள்விக்கு இப்போது என் பதிலை மாற்றிக்கொள்கிறேன். கடலுக்கு இந்த ரீலை மனமார்ந்து பரிந்துரைக்கிறேன். குட்டையிலும் அணையிலும் பெரிய ரோகுவுக்கும் இதே. ஆற்றுக் கெண்டைக்குக் கொடிவேரி ஐயா சொன்னதே சரி, சிறிய ரீல் ஒன்றைத் தேடுகிறேன். ஐயா, உங்கள் கிளிக் ரீலைப் போல ஒன்று எங்காவது விற்பனைக்கு வந்தால் சொல்லுங்கள்.

---

கொடிவேரி | கோபிசெட்டிபாளையம் | திங்கள் காலை 6.15

சொல்கிறேன் தம்பி. அதற்கு முன் ஒரு நாள் பவானிக்கு வாருங்கள், என்னுடையதைக் கையில் பிடித்துப் பாருங்கள். வாய்க்காலுக்குத் தண்ணீர் திறப்பதற்குள் வந்தால் ஆறு தெளிந்திருக்கும்.

ஒரு சந்தேகம். பேக்கிங்கை ஊற வைத்த பிறகு எத்தனை நாள் காய வைக்க வேண்டும்? ஈரத்தோடு சுற்றினால் மறுபடியும் அதே கதைதானே?

---

சாயப்பட்டறைச் சோதனைக்கூடம் | திருப்பூர் | திங்கள் காலை 9.00

ஆமாம் ஐயா. நிழலில், காற்றோட்டமான இடத்தில், கண்டாகவே இரண்டு நாள் தொங்க விடுங்கள். பேக்கிங் பாலியஸ்டர் நூல் என்கிறார் என் கணவர், பருத்தி அளவுக்கு ஈரம் பிடிக்காது. ஆனாலும் பின்னலுக்குள் நிற்கும் நீர் மெதுவாகத்தான் வெளியேறும். கன்னத்தில் வைத்துப் பாருங்கள், குளிர்ச்சி தெரிந்தால் இன்னும் காயவில்லை என்று பொருள்.